தேயாத ஓரம்

"மாஸ்டர், இந்த டயர் இன்னும் எத்தனை கிலோமீட்டர் வரும்?"

வண்டியை ஸ்டாண்டில் போடுவதற்கு முன்பே வில்வநாதன் கேட்டுவிட்டார். ஹெல்மெட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

பாவாயி ஒரு லாரி டயர்மேல் ஏறி நின்று கடப்பாரையை மிதித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வாங்க சார். டீ சொல்லட்டுங்களா?"

"டீ இருக்கட்டும். டயர்?"

"டயர் எங்கயும் ஓடிப் போயிராதுங்க."

கொல்லிமலை அடிவாரத்தில், மலைப்பாதை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பாவாயியின் டயர் கடை. அவளுக்கு வயது நாற்பது இருக்கும். லாரி டயர் கழற்றிக் கழற்றி உரமேறிய கை. பெரிய பைக் வைத்துக்கொண்டு நாலு மாநிலம் சுற்றுகிறவர்கள்கூட டயர் மாற்ற அவளைத் தேடித்தான் வருவார்கள். எல்லாருக்கும் அவள் மாஸ்டர்.

அவளைவிடப் பதினாறு வயது மூத்தவரான வில்வநாதனுக்கும் மாஸ்டர்தான். அவர் சேலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். முப்பது வருஷம் ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் உராய்வு பற்றிப் பாடம் எடுத்தவர். சொந்த டயர் என்று வந்தபோது எடுத்த பாடமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

மாதம் தவறாமல் வருவார். மாதம் தவறாமல் இதே கேள்விதான்.

காரணம் இல்லாமல் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். வண்டிக்குப் புது டயர் இரண்டும் பாவாயி மாட்டிவிட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை அப்போது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி தமயந்தி உட்கார்ந்திருந்தாள்.

"வண்டியை வித்துடலாங்க."

வில்வநாதன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தமயந்தி கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. இப்ப மாட்டின டயர் ரெண்டும் தேயற வரைக்கும் ஓட்டிக்குங்க. அதுக்கப்புறம் வேண்டாம். என்மேல சத்தியம் பண்ணுங்க."

ஊசி குத்தியிருந்த கையை அவள் கைமேல் வைத்துச் சத்தியம் பண்ணினார். அந்த நேரத்தில் அது வரம் கிடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்த்தபிறகுதான் விஷயம் உறைத்தது.

அன்றிலிருந்து மனுஷன் டயரைத் தொட்டிலில் போட்டு வளர்க்காத குறை. வெயிலில் நிறுத்த மாட்டார். சிமெண்டுத் தரையில் வேண்டாம் என்று பலகை போட்டு அதன்மேல் நிறுத்துவார். சடாரென்று பிரேக் போட மாட்டார். நேரான ரோடு என்றால் போவார், வளைவு என்றால் நாலு ஊர் சுற்றிக்கொண்டு போவார். வாரம் தவறாமல் ஏறிக்கொண்டிருந்த கொல்லிமலையை இப்போது அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

பின்னால் உட்கார்ந்து அவரோடு ஊர் ஊராக வந்த தமயந்தியும் இப்போது ஏறுவதில்லை. ஒரு ஆள் கனம் கூடினால் டயர் கூடுதலாகத் தேயும் என்று அவர்தான் சொன்னார். அவளும் சரி என்றுவிட்டாள்.

பாவாயி டயரிலிருந்து இறங்கி வந்தாள். கையை லுங்கித் துணியில் துடைத்தாள்.

"தெருமுனை வரைக்கும் எஞ்சினையே போடறதில்லை மாஸ்டர்" என்றார் வில்வநாதன், பெருமையாக. "தள்ளிட்டுத்தான் போறேன்."

"எதுக்குங்க?"

"டயர் தேயாதுல்ல."

"தள்ளும்போது சக்கரம் உருளுதுங்களா?"

"உருளுது."

"எஞ்சின் ஓடுதா இல்லையான்னு டயருக்கு யாருங்க போய்ச் சொல்றது?"

வாத்தியாருக்கு முகம் சுருங்கிப்போனது.

பாவாயி குந்தி உட்கார்ந்து பின் டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். எடுத்தாள். நகம் பட்ட இடத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இறுகியிருக்குது."

"தேயவே இல்லையே மாஸ்டர்?"

"தேயாட்டி இறுகும். ரப்பர்தானுங்களே."

"அப்ப எத்தனை கிலோமீட்டர் வரும்னு சொல்லுங்க."

"டீ ஆறுது, குடிங்க."

அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்த மாதம் வந்தார்.

"மாஸ்டர், போன தடவை நீங்க பதிலே சொல்லலை."

"சொல்லலையா?"

"டீ குடிங்கன்னீங்க."

பாவாயி காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்தாள். பின் டயரின் இந்த ஓரத்தில் வைத்து அந்த ஓரம் வரைக்கும் தடிமனாக ஒரு கோடு இழுத்தாள்.

"ரவுண்டானா வரைக்கும் போயிட்டு வாங்க."

"எதுக்கு?"

"போயிட்டு வாங்கன்னா வாங்க."

ரவுண்டானா அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். போனார். அதைச் சுற்றி வளைக்க மனசு வராமல், இந்தப் பக்கமே நிறுத்தி, இறங்கி, வண்டியைக் கையால் திருப்பிக்கொண்டு வந்தார்.

பாவாயி டயரைக் காட்டினாள். நடுவில் கோடு அழிந்திருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

"நடுவுல எத்தனை விரல் அழிஞ்சிருக்குது? வெச்சுப் பாருங்க."

விரல் வைத்துப் பார்த்தார்.

"மூணு."

"மொத்த டயரு?"

விரலை மாற்றி மாற்றி வைத்து எண்ணினார்.

"பத்து."

"நடுவுல கெட்டி ரப்பரு. நேரா போறதுக்கு. ரெண்டு ஓரத்துலயும் மெத்துன்னு இருக்கற ரப்பரு. சாஞ்சு வளையறதுக்குன்னே மெனக்கெட்டுச் செஞ்சு வெச்சிருக்கான்."

"தெரியும் மாஸ்டர்."

"அந்த ஏழு விரலை யாருக்குங்க வெச்சிருக்கறீங்க?"

வில்வநாதன் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பும்போது வேறு எதையெதையோ நினைத்துப் பார்த்தார். ஏழு விரல்தான் திரும்பத் திரும்ப வந்தது.

மூன்றாம் மாதம் அவர் வாயைத் திறப்பதற்குள் பாவாயியே கேட்டாள்.

"சார், உங்க வண்டிக்கு யாருங்க காத்து அடிக்கறது?"

"நீங்கதான். மாசாமாசம்."

"நான் எங்க அடிக்கறேன்? அளந்து பாத்துட்டு மூடியை மறுபடி போட்டுடறேன். குறைஞ்சாத்தானே அடிக்க?"

"நல்ல டயர் மாஸ்டர். அதான் இறங்கறதே இல்லை."

பாவாயி சிரித்தாள். வெகு நேரம் சிரித்தாள். ஒரு லாரிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த டயரா இருந்தாலும் மாசத்துக்கு ரெண்டு மூணு பாயிண்டு காத்து தானா இறங்கணுங்க. உங்களுது ரெண்டு வருசமா நாப்பதுன்னா நாப்பது. இங்க பாருங்க."

வால்வு மூடியைக் காட்டினாள். அதில் சிவப்பாக நெயில் பாலிஷ் கோடு ஒன்று இருந்தது. மூடியில் பாதி, வால்வின் கழுத்தில் பாதி. இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று சேராமல் விலகி நின்றன.

"மூடியைப் போட்டதும் நான் ஒரு கோடு இழுத்து விடுவேன். லாரிக்காரங்களுக்குச் செய்யறதுதான். வேற யாராச்சும் தொறந்தா கோடு விலகிக்கும். உங்க வண்டியில ஒரு மாசம்கூடக் கோடு சேந்து நின்னதில்லை."

வில்வநாதன் சட்டென்று வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"யாராவது காத்தைத் திருடறாங்களா?"

"காத்தையா? எதுக்குங்க, பலூன் ஊதவா?" பாவாயி தலையில் அடித்துக்கொண்டாள். "திருடினா குறையணும் சார். யாரோ கொண்டாந்து போடறாங்க. காத்துக் குறைச்சலா ஓட்டியிருந்தா இந்த டயரு இந்நேரம் பாதி போயிருக்கும்."

"யார்?"

"உங்க வீட்டு வண்டியை என்னைக் கேக்கறீங்களே. காலையில நடக்கப் போவீங்கல்ல? ஒரு வாரம் சீக்கிரமா திரும்பிப் பாருங்க."

டாக்டர் சொல்லி அவர் தினமும் காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை நடக்கிறவர். திங்கள் அன்று ஆறு மணிக்கே திரும்பினார். ஒன்றுமில்லை. செவ்வாய், புதன், வியாழன் ஒன்றுமில்லை. மாஸ்டர் நம்மை வைத்து விளையாடுகிறாள் என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை கேட்டை நெருங்கும்போதே புஸ் புஸ் என்று சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தார்.

தமயந்தி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வாலிபாலுக்குக் காற்றடிக்கிற கால் பம்ப் எப்போதும் வீட்டில் கிடக்கும். அதைத்தான் மிதித்துக்கொண்டிருந்தாள். புடவையை இடுப்பில் செருகி, ஒரு கையால் வண்டி சீட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க மிதித்தாள். நிறுத்தினாள். இடுப்பிலிருந்து காற்று அளக்கிற மீட்டரை எடுத்து வால்வில் வைத்தாள்.

"முப்பத்தொம்போது" என்று தனக்குத்தானே சொன்னாள். இன்னும் நாலு மிதி மிதித்தாள்.

பிறகு கீழே உட்கார்ந்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, டயர் பள்ளங்களில் சிக்கியிருந்த பொடிக்கல்லை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தாள். எடுத்த கல்லையெல்லாம் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டாள்.

வில்வநாதனுக்கு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. போகவில்லை. இரண்டு வருஷம் அவள் பொத்திப் பொத்தி வைத்ததைப் போட்டு உடைக்க மனசு வரவில்லை. சத்தம் போடாமல் திரும்பி இன்னொரு ரவுண்டு நடந்துவிட்டு, ஆறரைக்கு ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டைத் திறந்தார்.

தமயந்தி காபி கொண்டுவந்து வைத்தாள். கையைக் கழுவியிருந்தாள். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு இருந்தது.

"தமா."

"என்ன?"

"ஞாயித்துக்கிழமை கொல்லிமலை போலாமா? ரெண்டு பேரும்."

தமயந்தி அவரையே பார்த்தாள்.

"டயர் தேயும்."

"தேயும்."

"நிறையத் தேயும். எழுபது வளைவு."

"ஆமா."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பழைய துண்டில் சுற்றி வைத்திருந்த அவளுடைய ஹெல்மெட்டோடு வந்து நின்றாள்.

"மெதுவாத்தான் போகணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி பாவாயி கடையில் வந்து நின்றது. பின்னால் ஆள் இருப்பதைப் பார்த்ததும் அவள் கடப்பாரையைக் கீழே போட்டாள்.

"ரெண்டு பேருன்னா காத்து கூட வேணுங்க" என்றாள்.

"நாப்பத்திரண்டு" என்றாள் தமயந்தி, டக்கென்று. சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பாவாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். காற்றை ஏற்றினாள். மூடியைப் போட்டாள்.

"டீச்சர், மூடியை அவ்வளவு முறுக்கி இறுக்காதீங்க. உள்ள இருக்கற வாசர் போயிரும்."

தமயந்திக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. வில்வநாதன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மலையில் அப்படி என்னதான் தெரிந்ததோ, கண்ணை எடுக்கவேயில்லை.

பாவாயி டயரின் ஓரத்திலிருந்து ஓரம் வரை சாக்பீஸ் கோடு இழுத்தாள்.

"போயிட்டு வாங்க."

முதல் பத்து வளைவு படு மோசம். வில்வநாதன் கழியை முழுங்கியவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வண்டி சாய மறுத்தது. பின்னால் வந்த பால் வேன்கூட ஹாரன் அடித்துத் தாண்டிப் போனது.

தமயந்தி பின்னாலிருந்து வளைவை எண்ணிக்கொண்டே வந்தாள். மைதானத்தில் பிள்ளைகளுக்கு எண்ணுகிற அதே குரல்.

"பதினொண்ணு. தோளை இறக்குங்க."

இறக்கினார்.

"பன்னண்டு. எங்க போகணுமோ அங்க பாருங்க."

பார்த்தார்.

பதினேழாவது வளைவில் அவள் சாய்ந்தாள். அவரும் சாய்ந்தார். வண்டியும் சாய்ந்தது. ரோடு தானாகத் திரும்பி எதிரே வந்து நின்றது. இரண்டு வருஷமாக மறந்துபோயிருந்த ஒன்று அவர் உடம்புக்கு ஞாபகம் வந்தது.

ஹெல்மெட்டுக்குள் கண் நிறைந்து வழிந்தது. துடைக்க முடியவில்லை. அப்படியே ஓட்டினார்.

மேலே போய், மிளகாய்ப்பொடி தூவின அன்னாசித் துண்டு வாங்கி, வண்டிப் பக்கத்திலேயே நின்று தின்றார்கள்.

"ஏன் அடிச்சே?" என்று கேட்டார்.

"எதை?"

"காத்து."

தமயந்தி கையிலிருந்த துண்டைத் தின்று முடித்தாள். விரலைச் சப்பினாள்.

"வண்டி கூடக் குடுத்த புஸ்தகத்துல போட்டிருந்தது. காத்துக் குறைஞ்சா சீக்கிரம் தேயும்னு."

"சீக்கிரம் தேஞ்சா உனக்கு நல்லதுதானே? நீதானே ஓட்ட வேண்டாம்னே."

"வேண்டாம்னுதான் சொன்னேன். சீக்கிரம்னு சொன்னேனா?"

அவர் அன்னாசித் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வண்டியை எடுத்துட்டுப் போனா திரும்பி வர்ற வரைக்கும் பயமா இருக்கும்" என்றாள். "வண்டி இல்லேன்னா அன்னிக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த மாதிரியே படுத்துடுவீங்களோன்னு அதுவும் பயமா இருந்துச்சு. நான் என்னங்க பண்ணட்டும்? என்கிட்ட இருந்தது அந்தப் பம்ப்தான்."

வில்வநாதன் தன் பங்கு அன்னாசியில் பெரிய துண்டாகப் பார்த்து அவளிடம் கொடுத்தார்.

இறங்கி வந்ததும் பாவாயி டயரைப் பார்த்தாள். சாக்பீஸ் கோடு எங்கேயும் இல்லை. இரண்டு வருஷம் பளபளவென்று இருந்த ஓரங்கள் சொரசொரப்பாகி, மொசமொசவென்று ரப்பர் துளிர்த்திருந்தது. அவள் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். சூடாக இருந்தது.

"மாஸ்டர்" என்று ஆரம்பித்தார் வில்வநாதன்.

பாவாயி நிமிர்ந்தாள்.

"டீ இருக்கா?" என்றார்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர்கள் வீட்டில் தங்கவில்லை. ஏற்காடு போனார்கள். வால்பாறை போனார்கள். மழையில் நனைந்துகொண்டு மூணாறு போய்த் தும்மிக்கொண்டே திரும்பினார்கள். பலகை எங்கேயோ கிடந்தது. தெருமுனை வரைக்கும் தள்ளுவதை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியாது. மாதாமாதம் பாவாயி கடையில் வண்டி நிற்கும். அவர் பாட்டுக்கு டீ குடிப்பார், ஊர்க்கதை பேசுவார், கிளம்புவார்.

"சார் இப்பெல்லாம் கேக்கறதே இல்லையே" என்றாள் பாவாயி ஒருநாள்.

"எதை மாஸ்டர்?"

"ஒண்ணுமில்லை, விடுங்க."

டாக்டரும் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு நன்றாக இருக்கிறது, இப்படியே இருங்கள் என்றார்.

ஒன்பதாவது மாதம். மலையிலிருந்து இறங்கி இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். பாவாயி குந்தி உட்கார்ந்து பின் டயரை மெதுவாக உருட்டினாள். டயர்ப் பள்ளங்களுக்குள் சின்னச் சின்னதாக மேடு வைத்திருப்பார்கள். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம்.

பாவாயி அதன்மேல் விரலை வைத்தாள். நடுவில் வைத்தாள். ஓரத்தில் வைத்தாள். முன் டயருக்கும் போய் வைத்துப் பார்த்தாள்.

"எல்லாப் பக்கமும் ஒண்ணா தேஞ்சிருக்குது" என்றாள். "முடிஞ்சுதுங்க சார்."

வில்வநாதன் தலையாட்டினார். டயரைக் கையால் ஒருதரம் தட்டிக்கொடுத்தார். பிறகு வண்டிச் சாவியை எடுத்தார்.

அந்தச் சாவியை இருபத்திரண்டு வருஷமாக அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. வேறு வேறு வண்டி மாறினாலும் சாவிக்கொத்து அதேதான். அதை அப்படியே தமயந்திக்கு நேராக நீட்டினார்.

"சொன்ன சொல்" என்றார். "இதுக்குமேல நான் கேக்க மாட்டேன் தமா."

தமயந்தி சாவியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாங்கவில்லை. தேய்ந்துபோன டயரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஹெல்மெட்டை இன்னும் கழற்றவில்லை அவள்.

பிறகு பாவாயி பக்கம் திரும்பினாள்.

"மாஸ்டர், அடுத்து மாட்டப் போறது எத்தனை கிலோமீட்டர் வரும்?"

பாவாயி காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.